சிறிய ஊரில் புதுத் தொழில் பிறப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

சிறு நகரங்கள் பெருநகரங்களின் நகலாக இருக்க வேண்டியதில்லை, தமக்கென்று புதிய தொழில்களையும் கலைகளையும் அவற்றால் உருவாக்கிக்கொள்ள முடியும், அதற்குச் சிவகாசியே சாட்சி என்று சென்ற இதழில் ஒரு பதிலில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றை எடுத்துக்கொண்டு, இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊரில் கல்லூரிகள் இருக்கின்றன. சாலை வசதி இருக்கிறது. ஆனாலும் படித்த பிள்ளைகள் எல்லாரும் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விடுகிறார்கள். ஒரு சிறு நகரத்தைப் படைப்பாற்றல் உள்ளதாக ஆக்குவதுதான் எது?
– ஒரு வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: கல்லூரியும் சாலையும் தேவைதான். ஆனால் அவை இரண்டும் இருந்தும் ஒன்றும் நிகழாத ஊர்கள் நம் மாநிலத்தில் ஏராளமாக இருக்கின்றன. ஓர் ஊரில் நடக்கும் தொழிலுக்கு என்னென்ன தேவைப்படுகிறதோ, அந்தத் தேவைகள் அதே ஊரில் அடுத்தடுத்த தொழில்களாக மாறுகின்றனவா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மாறினால் அந்த ஊர் வளரும். மாறாவிட்டால் எத்தனை பெரிய ஆலை வந்தாலும் அது வெளியூரின் கிளையாகவே நின்றுவிடும்.

சிவகாசியின் கதை பலருக்கும் தெரிந்ததுதான் என்றாலும், அதன் வரிசையைக் கவனித்துப் பார்க்க வேண்டும். 1922ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்பதற்காகக் கல்கத்தாவுக்குப் போனார்கள். மாதக்கணக்கில் அங்கே தங்கித் தொழிலைக் கற்று, ஊர் திரும்பி, ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களை வரவழைத்து 1923இல் தொழிலைத் தொடங்கினார்கள். இயந்திரம் கட்டுப்படியாகவில்லை என்று தெரிந்ததும், அதை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாமல், அதே வேலையைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்துக் கையால் செய்யும் முறைக்கு மாற்றிக்கொண்டார்கள். கல்கத்தாவில் கற்ற வித்தையைவிட இந்த மாற்றத்தைத்தான் நான் பெரிய கண்டுபிடிப்பாகக் கருதுகிறேன். ஏனென்றால் பெரிய முதல் இல்லாதவரும் தொழிலுக்குள் நுழைய அது வாசலைத் திறந்துவிட்டது.

பிறகு நடந்ததைப் பாருங்கள். தீப்பெட்டிக்கு மேலே ஒட்ட லேபிள் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மிகுந்த அந்தக் காலத்தில், கடையில் நின்று பெயரைச் சொல்லிக் கேட்பவரைவிடப் படத்தைக் காட்டிக் கேட்பவரே அதிகம் என்பதால், அந்தச் சிறிய வண்ணக் காகிதம்தான் சரக்கை விற்றுக் கொடுத்தது. லேபிளுக்கு வெளியூர் அச்சகங்களை நம்பியிருந்தவர்கள் தாங்களே லித்தோ அச்சகம் வைத்தார்கள். அச்சகம் வந்த பிறகு அதற்கு ஆண்டு முழுவதும் வேலை கொடுக்க வேண்டியிருந்தது; லேபிளிலிருந்து காலண்டருக்கும், டைரிக்கும், பள்ளி நோட்டுகளுக்கும், வாழ்த்து அட்டைகளுக்கும் தொழில் விரிந்தது. இன்னொரு பக்கம், தீக்குச்சி மருந்தைக் கலக்கக் கற்றவர்கள் வண்ணச் சுடர் விடும் குச்சிகளைச் செய்தார்கள். அங்கிருந்து மத்தாப்புக்கும் வெடிக்கும் போனார்கள். இரண்டாம் உலகப் போர் காலத்தில் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்றபோது அந்த இடத்தை நிரப்பும் பக்குவம் இவர்களுக்கு இருந்தது. பட்டாசுப் பெட்டிக்கும் லேபிள் வேண்டும் என்பதால் வேலை மறுபடியும் அச்சகத்துக்கே வந்து சேர்ந்தது. பட்டாசுக்கு அலுமினியப் பொடி வேண்டும். அது பக்கத்தில் திருமங்கலத்தில் தயாராகத் தொடங்கியது. அந்தப் பொடியைத் தயாரித்த நிறுவனத்தாரே 1984இல் சிவகாசியில் ஒரு பொறியியல் கல்லூரியையும் நிறுவினார்கள்.

இந்தத் தொழில்கள் ஒன்றின் பருவத்தை இன்னொன்று தாங்குவதையும் கவனிக்க வேண்டும். பட்டாசு தீபாவளியோடு முடிகிறது. அதற்குள் காலண்டர் வேலை உச்சத்துக்கு வந்துவிடுகிறது. அது தை பிறக்கும்போது ஓய்ந்தால், பள்ளி திறப்பதற்கு முன்பு நோட்டுப் புத்தக வேலை வந்து நிற்கிறது. காலண்டர் செய்பவர்கள் ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பத்தை வெளியிட்டுவிடுவார்கள். ஏஜென்டுகள் அந்தத் தடித்த ஆல்பங்களைச் சுமந்துகொண்டு நகைக்கடை, மளிகைக்கடை, ஜவுளிக்கடை என்று ஏறி இறங்கி, எந்தப் படம், எந்த அளவு, அடியில் கடையின் பெயர் எந்த எழுத்தில் வர வேண்டும் என்று குறித்துக்கொண்டு ஆர்டர் பிடித்து வருவார்கள். கடைக்காரர் எந்தப் படத்தைத் தள்ளிவிட்டு எந்தப் படத்தில் விரலை வைக்கிறார் என்ற செய்தி சில வாரங்களுக்குள் அச்சகத்துக்கு வந்துவிடுகிறது. அதை வைத்து அடுத்த ஆண்டு ஆல்பத்தின் படங்கள் தீர்மானமாகின்றன. பெரிய நிறுவனங்கள் சந்தை ஆய்வு என்ற பெயரில் பணம் செலவழித்துத் தெரிந்துகொள்வதை இந்த ஊர் தன் அன்றாட வேலையின் ஒரு பகுதியாகவே தெரிந்துகொள்கிறது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிவகாசி நகராட்சியில் இருந்தவர்கள் சுமார் 71 ஆயிரம் பேர்தான். 2021இல்தான் அது மாநகராட்சி ஆனது. இத்தனை சிறிய ஊரில் மை வியாபாரியும், பிளேட் போடுபவரும், காகிதம் வெட்டுபவரும், பைண்டிங் செய்பவரும், மெஷின் மெக்கானிக்கும் ஒருவருக்கொருவர் முகம் தெரிந்தவர்களாக இருக்கிறார்கள். காலையில் ஒருவருக்குத் தோன்றிய யோசனையை மாலைக்குள் செய்து பார்த்துவிட முடிகிறது. உங்கள் ஊர்ப் பிள்ளைகள் சென்னைக்குப் போவதைக் குறையாகச் சொல்லாதீர்கள். சிவகாசிக்காரர்களும் கல்கத்தாவுக்குப் போனவர்கள்தாம். போனவர்கள் திரும்பி வந்தால் செய்து பார்க்க ஊரில் என்ன இருக்கிறது என்பதை நீங்கள் யோசிக்க வேண்டும்.

கேள்வி: வானம் பார்த்த பூமி, விவசாயம் இல்லை, அதனால் தொழிலுக்குப் போனார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்படியானால் அதே கரிசலில் இருக்கும் மற்ற ஊர்கள் ஏன் சிவகாசி ஆகவில்லை?
– ஒரு வாசகர், விளாத்திகுளம்

பதில்: நியாயமான கேள்வி. வறட்சி ஓர் ஊரை வேறு வழி தேட வைக்கும். எந்த வழி என்று அது சொல்லித் தராது. மழை குறைந்த வறண்ட காற்று தீக்குச்சியும் பட்டாசும் காய்வதற்கு உதவியது உண்மை. ஆனால் அந்தக் காற்று விளாத்திகுளத்திலும் அடிக்கிறது.

வேறுபாட்டை உண்டாக்கியது கூட்டு முதலும் பள்ளிக்கூடமும் என்பது என் முடிவு. அந்த வட்டார நாடார் வணிகர்களிடையே மகமை என்றோர் ஏற்பாடு இருந்தது. வியாபாரத்தில் கைமாறும் சரக்குக்கு ஏற்ப ஒரு சிறு தொகையைப் பொது நிதிக்குக் கொடுத்து, அந்த நிதியிலிருந்து கிணறும் சத்திரமும் பள்ளியும் அமைத்தார்கள். விருதுநகரில் 1889இல் தொடங்கப்பட்ட சத்திரிய வித்தியாசாலை அந்த வழியில் வந்ததுதான். காமராஜர் படித்த பள்ளி அது. ஒருவர் கொடுத்த சொல்லை நம்பி இன்னொருவர் கடன் கொடுப்பார், தோற்றவரை ஊர் கைவிட்டுவிடாது என்ற உறுதி இருந்தால்தான் கைமுதலை எடுத்துக்கொண்டு முன்பின் தெரியாத தொழிலில் இறங்கத் துணிவு வரும்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஒரு சமூகத்துக்குள் இருக்கும் நம்பிக்கை, வெளியே இருப்பவர்களுக்குச் சுவராகவும் ஆகிவிடும். மருந்து முக்கும் வேலையிலும் வெடி அடைக்கும் வேலையிலும் தலைமுறை தலைமுறையாக இருந்த வேறு சமூகத்தவர்களில் எத்தனை பேர் முதலாளி ஆனார்கள் என்று யாரும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அச்சுத் தொழிலில் நிலைமை சற்று மேலாக இருந்தது என்று நினைக்கிறேன். பெரிய அச்சகம் புதிய ஆஃப்செட் இயந்திரம் வாங்கும்போது பழையதைக் கழித்துவிடும். அதை ஓட்டிப் பழகிய ஆப்பரேட்டர் தவணையில் வாங்கிச் சிறிய கொட்டகையில் நிறுத்தித் தன் தொழிலைத் தொடங்கிவிட முடியும். பழைய இயந்திரம் மலிவாகக் கைமாறுவதும், அதைப் பழுது பார்க்க ஆள் அருகிலேயே இருப்பதும் ஓர் ஊருக்குப் பெரும் செல்வம். அரசு மானியம் அறிவிக்கும்போது புத்தம்புது இயந்திரத்துக்கே கொடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதை நான் ஏற்கவில்லை.

கேள்வி: தொழில் வேறு, கலை வேறு அல்லவா? காலண்டர் அச்சடிப்பதைப் படைப்பாற்றல் என்று சொல்வது மிகை.
– ஒரு வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: கொண்டைய ராஜுவைப் பற்றிச் சொல்ல இந்தக் கடிதம் வாய்ப்பளித்தது. 1898இல் பிறந்த அவர் சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகக் கற்றவர். நாடகக் குழுவோடு ஊர் ஊராகச் சென்று மேடைக்குத் திரைச்சீலை எழுதியவர். கடைசியில் கோவில்பட்டியில் தங்கி, சீடர்களைச் சேர்த்துக்கொண்டு, தேவி ஆர்ட் ஸ்டுடியோ என்ற பெயரில் ஓவியக் கூடம் நடத்தி, 1976இல் மறையும்வரை வரைந்துகொண்டே இருந்தார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் கஜலட்சுமியும் சிவகாசி அச்சகங்கள் வழியாக இலட்சக்கணக்கான வீடுகளின் சுவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

நாடகத் திரைச்சீலையில் தூண்களும் வளைவுகளும் பின்னோக்கிச் சென்று ஆழம் காட்டும். முன்னால் நடிகர் நிற்பார். காலண்டர் படத்தில் பின்னால் கோபுரமோ மலையோ அருவியோ தள்ளி நிற்க, முன்னால் தெய்வம் நேராக நம்மைப் பார்த்து நிற்கும். மேடைக்கு எழுதிப் பழகிய கை அது என்று பார்த்தவுடன் தெரியும். தீப்பெட்டி வியாபாரத்துக்கு வந்த அச்சகமும், தொழில் நலிந்த நாடகத்திலிருந்து வந்த ஓவியரும் ஒரே வட்டாரத்தில் சந்தித்ததால்தான் அந்தப் படங்கள் பிறந்தன. பூசையறையில் சட்டம் போட்டு மாட்டி, தினமும் பூ வைத்து வணங்கும் அளவுக்கு மக்கள் மனத்தில் இடம்பிடித்த படைப்பை, கண்காட்சிக் கூடத்தில் தொங்கவில்லை என்பதற்காகக் கலை இல்லை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: என் அம்மா சிறுமியாக இருந்தபோதே தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவர். விடியும் முன்பே வண்டி வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகுமாம். கட்டை அடுக்கி அடுக்கி அவருடைய விரல் நுனிகள் இப்போதும் தடித்தே இருக்கின்றன. அந்த ஊரைப் புதுமையின் சாட்சி என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.
– ஒரு வாசகி, சாத்தூர்

பதில்: உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்துக்குப் பதில் சொல்லாமல் மற்றவற்றுக்குப் பதில் சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

கையால் செய்யும் முறை சிறு முதலாளிகளுக்கு வாசலைத் திறந்தது என்று மேலே எழுதினேன். அந்த முறை எந்தக் கைகளின் மேல் நின்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தீக்குச்சிகளை ஒவ்வொன்றாகக் கட்டையின் வரிப்பள்ளங்களில் அடுக்குவதற்குச் சிறிய விரல்கள் வசதி என்று சொல்லி, சுற்றுக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளை அழைத்துச் சென்றார்கள். 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு சிவகாசிப் பிள்ளைகளை முன்னிறுத்தித் தொடங்கி, நாடு முழுவதற்கும் பொருந்தும் கட்டளையாக முடிந்தது. சட்டத்துக்கு மாறாக வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று அது ஆணையிட்டது.

இதை அறம் சார்ந்த கேள்வியாக மட்டும் நான் பார்க்கவில்லை. மலிவான கை கிடைக்கும்வரை மூளைக்கு வேலை கொடுக்க யாரும் முன்வருவதில்லை. கட்டை அடுக்கும் வேலையும் பெட்டி ஒட்டும் வேலையும் பல பத்தாண்டுகள் மாறாமலே கிடந்ததற்கு அதுதான் காரணம். பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கி, பெண்களுக்கு வேறு கூலி வேலைகளும் கிடைக்கத் தொடங்கிய பிறகே, கோவில்பட்டி, சாத்தூர் வட்டாரங்களில் அரை இயந்திர ஆலைகளும் முழு இயந்திர ஆலைகளும் பெருகின. தொழில் அழிந்துவிடும் என்று அன்று அச்சுறுத்தியவர்கள் சொன்னது நடக்கவில்லை. புதுமை பிள்ளைகள் போன பிறகு வந்தது. அவர்களைப் போகவிட்டதால் வந்தது.

பட்டாசிலும் அப்படித்தான். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ நாற்பது உயிர்கள் போயின. உரிமம் பெற்ற அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம், மரத்தடியில் மருந்து அடைக்கலாமா என்பதற்கெல்லாம் விதிகள் எழுதித்தான் இருக்கின்றன. அவற்றை மீறிச் சேமிக்கும் காசில் எந்தத் திறமையும் இல்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடை செய்தபோது கம்பி மத்தாப்புக்கே ஆபத்து என்ற நிலை வந்தது. அதன் மருந்துக் கலவையில் பேரியம் நைட்ரேட்டின் பங்கு அவ்வளவு பெரியது. நாக்பூரில் உள்ள நீரி ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து மாசு குறைவான பசுமைப் பட்டாசுக்கான மாற்றுக் கலவைகளைத் தேட வேண்டிய கட்டாயம் அப்போதுதான் ஏற்பட்டது. அந்தத் தேடலில் காட்டிய அக்கறையில் பாதியையாவது மருந்து கலக்கும் அறையில் மனிதக் கையே படாமல் வேலை நடக்கும் வழிமுறைகளில் காட்டினால், சிவகாசியை நான் முழு மனதோடு புகழ்வேன். இப்போதைக்கு என் புகழ்ச்சி அரை மனதோடுதான் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

கேள்வி: யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் நம் சிறு நகரங்கள் இடம்பெற முயன்றால் என்ன?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: முயலலாம். சென்னை 2017இல் இசைக்காகவும், கோழிக்கோடு 2023இல் இலக்கியத்துக்காகவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. கோழிக்கோட்டில் வாசகசாலைகளும் பதிப்பகங்களும் வாசகர்களும் நெடுங்காலமாகவே இருந்தார்கள். பட்டியல் பின்னால் வந்தது. செட்டிநாட்டில் ஆத்தங்குடிக் கல் பதிப்பவரிடம் இளைஞர் ஒருவர் தொழில் பழக வருகிறாரா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: வெளியிலிருந்து ஒரு பெரிய நிறுவனம் வந்தால் போதாதா? தென்காசியைப் பாருங்கள்.
– ஒரு வாசகர், கடையநல்லூர்

பதில்: தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011 முதல் இயங்குகிறது. அங்கே பணிபுரிபவர்கள் உலகம் முழுவதும் விற்கும் மென்பொருளை உருவாக்குகிறார்கள். கிராமத்துப் பிள்ளைகளைப் பட்டம் கேட்காமல் எடுத்துப் பயிற்சி கொடுக்கும் அதன் முறையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அங்கே பத்தாண்டு வேலை பார்த்த ஒருவர் வெளியே வந்து, அதே தென்காசியில் தனக்கென்று ஒரு நிறுவனம் தொடங்கி, ஊரில் உள்ள வேறு தொழில்களின் சிக்கல்களைத் தீர்க்கும்போதுதான் அந்த வருகை ஊருக்குள் வேர் பிடித்ததாகும்.

திருச்செங்கோட்டில் அது வேறு விதமாக நடந்தது. ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளை ஓட்டிக்கொண்டு அவ்வூர்க்காரர்கள் வட இந்திய மாநிலங்களுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போனார்கள். பாறையில் எது உடைந்தது, எந்தப் பாகம் சீக்கிரம் தேய்ந்தது என்று அவர்கள் திரும்பி வந்து சொன்னதைக் கேட்டு, ஊர்ப் பட்டறைகள் அடுத்த வண்டியை மாற்றிக் கட்டின. ஓட்டுபவரும் கட்டுபவரும் ஒரே டீக்கடையில் உட்காரும் ஊரில் பழுது என்பது அடுத்த வடிவமைப்புக்கான தகவலாகிவிடுகிறது.

கேள்வி: எங்கள் அருகில் சத்திரப்பட்டியில் காஸ் துணியும் பேண்டேஜும் நெய்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஊருக்கு ஏதேனும் செய்ய நினைக்கிறோம். பெரிய பணம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகர், இராஜபாளையம்

பதில்: மகிழ்ச்சியோடு எழுதுகிறேன். பணம் சேர்ப்பதற்கு முன் ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நூல் ஊருக்குள் வருவது முதல், நோயாளியின் காயத்தின் மேல் துணி வைக்கப்படுவது வரை அந்தத் துணி கடக்கும் ஒவ்வொரு படியையும் எழுதுங்கள்: பாவு ஓட்டுதல், தறி, வெளுத்தல், வெட்டி மடித்தல், கிருமி நீக்கம், தரச் சோதனை, உறையிடுதல், உறையின் மேல் அச்சு, மருத்துவமனைக்கு டெண்டர் போடுதல். இவற்றில் எவை உங்கள் ஊரில் நடக்கின்றன, எவற்றுக்காகச் சரக்கு வெளியே போய் வருகிறது, எந்தப் படியில் இலாபம் அதிகம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறித்துக்கொள்ளுங்கள். வெளியே போகும் படிகளில் எது மிகக் குறைந்த முதலில் உள்ளூரில் தொடங்கக்கூடியதோ, அதுதான் உங்கள் வட்டாரத்தின் அடுத்த தொழில். உறை அச்சடிக்கத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. சிவகாசி உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பிறகு அருகிலுள்ள ஐ.டி.ஐ. முதல்வரைப் பார்த்து, வகுப்பு முடிந்த பின் மாலை நேரத்தில் பட்டறையை வெளியாட்களுக்குத் திறந்துவிட முடியுமா என்று கேளுங்கள். ஒரு கல்லூரி வேதியியல் துறையிடம், துணியின் உறிஞ்சும் திறனையும் வெண்மையையும் குறைந்த கட்டணத்தில் சோதித்துத் தர முடியுமா என்று கேளுங்கள். கூட்டம் போடும்போது தறி உரிமையாளர்களை மட்டும் அழைத்துவிடாதீர்கள். தறி ஓட்டும் பெண்கள், தறியைப் பழுது பார்க்கும் மெக்கானிக், அந்தத் துணியை நாள்தோறும் கையாளும் அரசு மருத்துவமனைச் செவிலியர் ஆகியோரும் வர வேண்டும். அவர்கள் கூலியை இழக்காமல் வரும்படி, கூட்டத்தை வார விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் எழுதியது என்ன என்பதை எனக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த இதழ்களில் ஒன்றில் அதை அப்படியே வெளியிடுகிறேன்.